சி நிரல் முடியும்போது துப்புரவுச் செயற்கூறுகளை இயங்கச் செய்வது: முழுமையான வழிகாட்டி

சி மொழியில் எழுதிய ஒரு நிரல் முடியும் தருணத்தில் தானாக இயங்க வேண்டிய செயற்கூறுகளை ‘அட்எக்ஸிட்’ என்ற நூலகச் செயற்கூறின் மூலம் பதிவு செய்யலாம். பதிவு செய்வது ஒரே வரிதான். புதியவர்கள் தடுமாறுவது அந்த வரியில் அல்ல. தங்கள் நிரல் எந்தெந்த வழிகளில் முடிகிறது என்று எண்ணிப் பார்க்காமலேயே அந்த வரியை எழுதிவிடுவதில்தான். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, வெளியேறும் பாதைகளை ஒழுங்குபடுத்துவதைப் பற்றியே பேசுகிறது.

விளக்கத்திற்கு ஒரே நிரலை எடுத்துக்கொள்வோம். அது மறைகுறியாக்கிய குறிப்பேடு ஒன்றைத் திறக்கும் சிறு கருவி. டெர்மினலில் எழுத்துகள் தெரியாதபடி எதிரொலியை நிறுத்திக் கடவுச்சொல்லை வாங்குகிறது. குறிப்பேட்டை விடுவித்து ஒரு தற்காலிகக் கோப்பகத்தில் சாதாரண உரையாக வைக்கிறது. பயனரின் எடிட்டரை அதன்மேல் திறக்கிறது. எடிட்டர் மூடியதும் மீண்டும் மறைகுறியாக்கிச் சேமிக்கிறது. இடையில் எங்கே முடிந்தாலும் டெர்மினல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், வெளிப்படையான உரை வட்டில் தங்கக்கூடாது. லினக்ஸும் அதன் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியும் உள்ள சூழலை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சி தரநிலையும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையும் சொல்வதற்கு அப்பாற்பட்ட இடங்களில் அதைக் குறிப்பிடுகிறேன்.

1. எதைத் துடைக்க வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எப்படி முடிந்தாலும், அதன் நினைவகத்தையும் திறந்திருக்கும் கோப்பு விவரிப்பான்களையும் ‘எஃப்லாக்’ மூலம் பெற்ற பூட்டுகளையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலே விடுவித்துவிடும். இவற்றுக்காகத் துப்புரவுச் செயற்கூறு எழுதத் தேவையில்லை. ‘மேலாக்’ மூலம் பெற்ற ஒவ்வொரு துண்டையும் முடிவில் ‘ஃப்ரீ’ செய்யும் பழக்கம், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் போன்ற கருவிகளின் அறிக்கை சுத்தமாக வர வேண்டும் என்பதற்கு உதவுமே தவிர, கணினிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கெர்னல் தொடாதவை வேறு. பெயருள்ள தற்காலிகக் கோப்புகள், யூனிக்ஸ் சாக்கெட்டின் கோப்புப் பாதை, பெயரிட்ட பகிர்வு நினைவகம், மாற்றப்பட்ட டெர்மினல் அமைப்புகள் ஆகியவை பிராசஸ் போன பிறகும் அப்படியே நிற்கும். இன்னொன்று நடுவில் நிற்கிறது: ‘பிரின்ட்எஃப்’ எழுதிய, இன்னும் பஃபரில் (வெளியே போகுமுன் தரவு தேங்கும் நினைவக இடத்தில்) இருக்கும் தரவு. நிரலை முடிக்கும் ‘எக்ஸிட்’ செயற்கூறு அதை வெளியே தள்ளும். கெர்னலுக்கு அப்படியொரு பஃபர் இருப்பதே தெரியாது.

இயன்றவரை பொருள்களை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாற்றுங்கள். தற்காலிகக் கோப்பை வேறு நிரல் திறக்க வேண்டியதில்லை என்றால், அதைத் திறந்த மறு வரியிலேயே ‘அன்லிங்க்’ செய்துவிடலாம். பெயர் மறைந்துவிடும், விவரிப்பான் வழியாகப் படிப்பதும் எழுதுவதும் தொடரும், பிராசஸ் முடிந்ததும் இடமும் விடுபடும். துடைக்கவே வேண்டாத பொருளைப் போலப் பாதுகாப்பானது வேறில்லை. நம் குறிப்பேட்டுக் கருவியில் இது முடியாது, ஏனெனில் எடிட்டருக்குப் பெயர் வேண்டும்.

2. தொடங்கும் முன் தேவையானவை

எஸ்டிடிலிப் தலைப்புக் கோப்பை இணைத்திருக்க வேண்டும். கம்பைலரின் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கி வைத்திருப்பது நல்லது. கீழே வரும் சில பிழைகளை அது தொடக்கத்திலேயே பிடித்துவிடும்.

பதிவு செய்யும் செயற்கூறு எதையும் ஏற்காமலும் எதையும் திருப்பாமலும் இருக்க வேண்டும், அதாவது இரு பக்கமும் ‘வாய்ட்’. வேறு வடிவமுள்ள செயற்கூறை வகைமாற்றம் செய்து உள்ளே நுழைப்பது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தராது. டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் நூலகத்தின் ‘எண்ட்வின்’ இதற்குப் பலரும் சிக்கும் எடுத்துக்காட்டு. அது ஒரு முழு எண்ணைத் திருப்புகிறது. ஆகவே அதை நேரடியாகக் கொடுக்காமல், அதை அழைக்கும் மூன்று வரிச் செயற்கூறு ஒன்றை எழுதி அதைப் பதிவு செய்ய வேண்டும்.

3. நிரல் முடியும் எல்லா வழிகளையும் எழுதிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். பதிவு செய்த செயற்கூறுகள் இயங்குவது எக்ஸிட் அழைக்கப்படும்போது மட்டுமே. ‘மெயின்’ செயற்கூறிலிருந்து ‘ரிட்டர்ன்’ செய்வதும் எக்ஸிட்டை அழைப்பதற்குச் சமம். எக்ஸிட் முதலில் பதிவானவற்றை இயக்கும். பிறகு ஸ்டாண்டர்ட் ஐஓ பஃபர்களை வெளியே தள்ளிக் கோப்புகளை மூடும். ‘டிஎம்பிஃபைல்’ உருவாக்கிய கோப்புகளை நீக்கும். அதன்பின் பிராசஸை முடிக்கும். இந்த வரிசையால்தான் துப்புரவுச் செயற்கூறுக்குள் ‘எஃப்பிரின்ட்எஃப்’ பயன்படுத்த முடிகிறது.

பதிவானவை இயங்காத வழிகள் இவை. பெயருக்கு முன் அடிக்கோடு உள்ள எக்ஸிட், அதாவது பாசிக்ஸின் சிற்றெழுத்து வடிவமும் சி99 தந்த பேரெழுத்து வடிவமும், நேராகக் கெர்னலிடம் போய்விடும். இனி இதை அடிக்கோட்டு எக்ஸிட் என்று அழைக்கிறேன். நிரலை உடனே முறிக்கும் ‘அபார்ட்’ அழைப்பும் அப்படித்தான். நிபந்தனையைச் சோதிக்கும் ‘அசர்ட்’ தோற்றால் அபார்ட்தான் அழைக்கப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சி11 தந்த ‘குயிக் எக்ஸிட்’, தனக்கென்று தனியே பதிவு செய்யப்பட்ட பட்டியலை மட்டுமே இயக்கும். அட்எக்ஸிட் பட்டியலைத் தொடாது. அதே பிராசஸில் வேறொரு நிரலை ஏற்றும் ‘எக்ஸெக்’ குடும்பத்து அழைப்பு வெற்றி பெற்றால் பழைய நிரலின் பதிவுகள் முழுவதும் அழிந்துவிடும். கடைசியாக, ஒரு சிக்னல் (கெர்னல் வழியாகப் பிராசஸுக்கு வரும் அறிவிப்பு) பிராசஸைக் கொன்றால் எதுவும் இயங்காது.

கடைசி வழியே மிகவும் பரவலானது. பயனர் கன்ட்ரோல்-சி அழுத்துவது, டெர்மினல் சாளரத்தை மூடுவது, கணினி நிற்கும்போது வரும் சிக்டெர்ம், வெளியீட்டை ‘ஹெட்’ கட்டளைக்குப் பைப் வழியே அனுப்பும்போது அது முன்னதாகவே முடிந்துவிடுவதால் எழும் சிக்பைப் என்று எல்லாமே சிக்னல்தான். சிக்பைப் குறிப்பாக ஏமாற்றும். திரையில் எந்தச் செய்தியும் வராது, எல்லாம் சரியாக முடிந்தது போலவே தெரியும், தற்காலிகக் கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

உங்கள் மூல நிரலில் எக்ஸிட், அடிக்கோட்டு எக்ஸிட், அபார்ட், அசர்ட், ஃபோர்க் (பிராசஸின் நகலாக ஒரு சேய்ப் பிராசஸை உருவாக்கும் அழைப்பு), எக்ஸெக் ஆகிய சொற்களைத் தேடி, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே துப்புரவு நடக்குமா நடக்காதா என்று எழுதுங்கள். நடக்கக்கூடாத இடங்களும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஏழாம் பகுதியில் அதைப் பார்ப்போம்.

4. துப்புரவுச் செயற்கூறை எழுதுங்கள்

அட்எக்ஸிட் அழைப்பில் எந்த அளவுருவையும் அனுப்ப முடியாது. நிரல் எந்த முடிவு எண்ணோடு (வெற்றியா தோல்வியா என்று அழைத்தவருக்குச் சொல்லும் எண், பூச்சியம் என்றால் வெற்றி) முடிகிறது என்பதும் செயற்கூறுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு வேண்டிய தகவல் அனைத்தும் கோப்பு அளவிலான ‘ஸ்டாட்டிக்’ மாறிகளில் இருக்க வேண்டும். ஜிலிப்சியில் ‘ஆன் எக்ஸிட்’ என்று ஒன்று உண்டு. அது முடிவு எண்ணையும் ஒரு சுட்டியையும் தரும். ஆனால் அது தரநிலையில் இல்லை, மேக்ஓஎஸ்ஸில் இல்லை. அதைச் சார்ந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கோப்பகத்தின் பெயரை மெயினுக்குள் ஓர் உள்ளூர் அணியாக வைத்துவிட்டு, அதன் முகவரியை மட்டும் ஸ்டாட்டிக் சுட்டியில் போட்டுவைப்பது அடிக்கடி பார்க்கும் பிழை. மெயினின் ஆழத்திலிருந்து எக்ஸிட் அழைத்தால் அந்த அணி உயிரோடு இருக்கும், எல்லாம் சரியாக நடக்கும். மெயினிலிருந்து ரிட்டர்ன் செய்தாலோ, துப்புரவு தொடங்கும் முன்பே உள்ளூர் மாறிகளின் ஆயுள் முடிந்துவிடும். சுட்டி எதைக் காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. சோதனையில் பிழைப் பாதைகள் ஒழுங்காக நடந்து, வெற்றிப் பாதையில் மட்டும் கோப்பு மிஞ்சுகிற விசித்திரம் இப்படித்தான் வருகிறது. அணியையே ஸ்டாட்டிக் ஆக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ‘இது இப்போது நம் கையில் இருக்கிறதா’ என்று சொல்லும் ஒரு கொடி மாறி வேண்டும். தொடக்கத்தில் அது பூச்சியம். பொருளைப் பெற்றதும் ஒன்று. துடைத்ததும் மீண்டும் பூச்சியம். துப்புரவுச் செயற்கூறின் முதல் வேலை இந்தக் கொடியைப் பார்த்து, பூச்சியமானால் உடனே திரும்பிவிடுவது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தரநிலையில் பதிவை நீக்கும் வழி எதுவும் இல்லை. பொருளை இடையிலேயே நாமாகத் துடைத்துவிட்டால், பிற்பாடு தானாக வரும் அழைப்பு வெறுமனே கடந்து போக வேண்டும். மற்றொன்று, ஒரே செயற்கூறை இருமுறை பதிவு செய்தால் அது இருமுறை இயங்கும். கொடி இருந்தால் இரண்டாவது இயக்கம் தீங்கு செய்யாது.

நம் கோப்பகச் செயற்கூறில் இன்னொரு விவரம் தேவை. ‘ஆர்எம்டிர்’ காலியான கோப்பகத்தை மட்டுமே நீக்கும். நாம் வைத்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு ஆர்எம்டிர் அழைத்தால், எடிட்டர் விட்டுச்சென்ற காப்புக் கோப்போ விம் எடிட்டரின் ஸ்வாப் கோப்போ உள்ளே இருந்து அதைத் தோற்கடிக்கும். அந்த மிச்சத்திலும் கடவுச்சொல்லால் காத்த உரைதான் இருக்கிறது என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. எனவே கோப்பகத்தைத் திறந்து, உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் அன்லிங்க் செய்துவிட்டுப் பிறகு ஆர்எம்டிர் அழைக்க வேண்டும். (அன்லிங்க் பெயரைத்தான் நீக்குகிறது, வட்டிலுள்ள எழுத்துகளைத் தேய்ப்பதில்லை. நினைவகத்திலேயே இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் அந்தக் கோப்பகத்தை உருவாக்குவது இதற்கான எளிய ஏற்பாடு.)

செயற்கூறுக்குள் தவிர்க்க வேண்டியவை: எக்ஸிட்டை மீண்டும் அழைப்பது வரையறுக்கப்படாத நடத்தை, ‘லாங்ஜம்ப்’ மூலம் வெளியே தாவுவதும் அப்படியே. அடிக்கோட்டு எக்ஸிட் அழைத்தால் மீதமுள்ள செயற்கூறுகளும் பஃபர் வெளியேற்றமும் நடக்காமல் போகும். ஏதாவது தோற்றால் ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி எழுதிவிட்டு இயல்பாகத் திரும்புங்கள். அடுத்தவர் தம் வேலையைச் செய்யட்டும்.

5. பதிவு செய்யுங்கள்: பொருளைப் பெறுவதற்குச் சற்று முன்

பெயரை மட்டும் கொடுக்க வேண்டும்: ‘அட்எக்ஸிட்(கோப்பகம்_துடை)’ என்பது சரி. பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளையும் சேர்த்து எழுதினால் அது அந்த இடத்திலேயே அழைப்பதாகும். செயற்கூறு வாய்ட் திருப்புவதால் கம்பைலர் பிழை காட்டி உங்களைக் காப்பாற்றும்.

பெற்ற பிறகு பதிவு செய்வதா, பெறும் முன்பே பதிவு செய்வதா? பலரும் முதல் முறையைக் கையாள்கிறார்கள். அட்எக்ஸிட் வெற்றியில் பூச்சியத்தையும் தோல்வியில் வேறு மதிப்பையும் திருப்பும். பெற்ற பிறகு பதிவு தோற்றால், பெற்றதை அந்த இடத்திலேயே கையால் துடைக்கும் நிரலையும் எழுத வேண்டியிருக்கும். முன்பே பதிவு செய்தால் தோல்வியில் பிழைச் செய்தியோடு முடித்துவிடலாம், துடைக்க எதுவும் இருக்காது. கொடி பூச்சியமாக இருப்பதால் முன்கூட்டியே பதிவு செய்வதில் ஆபத்து எதுவும் இல்லை.

ஆகவே வரிசை இது: செயற்கூறைப் பதிவு செய்து, திருப்பிய மதிப்பைச் சரிபாருங்கள், ‘எம்கேடிடெம்ப்’ மூலம் கோப்பகத்தை உருவாக்குங்கள், அது வெற்றி பெற்ற பிறகே கொடியை ஒன்றாக்குங்கள். எம்கேடிடெம்ப் தான் பெறும் அணியிலேயே இறுதியிலுள்ள ஆறு எக்ஸ் எழுத்துகளை மாற்றி எழுதும் என்பதால் அந்த அணி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். மாறிலிச் சரத்தைக் கொடுத்தால் நிரல் முறிந்துவிடும். கோப்பகம் உரிமையாளருக்கு மட்டுமான 0700 அனுமதியோடு உருவாகும்.

எத்தனை செயற்கூறுகளைப் பதிவு செய்யலாம்? தரநிலை குறைந்தது 32 இடங்களுக்கு உறுதி தருகிறது. ஜிலிப்சி அதற்கு மேலும் நினைவகம் உள்ளவரை ஏற்கும். 32-ஐ நெருங்குகிறீர்கள் என்றால், பொருள்களின் பட்டியல் ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு அதைச் சுற்றிவரும் ஒரே செயற்கூறைப் பதிவு செய்வது நல்லது. ஒரு சுழலுக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு என்று எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் இந்த எல்லையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

6. வரிசையைத் திட்டமிடுங்கள்

கடைசியாகப் பதிவானது முதலில் இயங்கும். அடுக்கி வைத்த தட்டுகளை மேலிருந்து எடுப்பது போல. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று இருந்தால், சார்ந்திருப்பதை முதலில் கலைக்க வேண்டும் என்பதால் இந்தத் தலைகீழ் ஒழுங்கு இயல்பாகவே பொருந்தும், பெறும் வரிசையிலேயே பதிவு செய்யும் வரை.

நம் கருவியில் பதிவு வரிசை: ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைச் சரிபார்த்து மூடும் செயற்கூறு, நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்பை (லாக்) மூடுவது, கோப்பகத்தைத் துடைப்பது, டெர்மினலைத் திருப்புவது. முடிவில் டெர்மினல் முதலில் சரியாகும். அதனால் அதன்பின் வரும் பிழைச் செய்திகள் பயனருக்கு ஒழுங்காகத் தெரியும். கோப்பகத்தைத் துடைக்கும்போது தோன்றும் சிக்கலைப் பதிவேட்டில் எழுத முடியும், ஏனெனில் அது இன்னும் திறந்திருக்கிறது.

பதிவு அழைப்புகள் வெவ்வேறு மூலக் கோப்புகளின் தொடக்கச் செயற்கூறுகளுக்குள் சிதறிக் கிடக்கும்போதுதான் வரிசை குலைகிறது. யாரோ ஒருவர் தொடக்க அழைப்புகளை இடம் மாற்றுவார்; சில மாதங்கள் கழித்து மூடிய பதிவேட்டில் எழுத முயன்று நிரல் முடிவில் முறியும். பதிவு அழைப்புகள் அனைத்தையும் மெயினின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் வைத்து, ஏன் இந்த வரிசை என்று மேலே ஒரு கருத்துரை எழுதுங்கள். கொடிகள் இருப்பதால் பொருளைப் பெறும் இடமும் பதிவு செய்யும் இடமும் விலகியிருக்கலாம்.

ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மூடுவதற்கு ஏன் தனிச் செயற்கூறு என்று கேட்கலாம். எக்ஸிட் தானாகப் பஃபரை வெளியேற்றும்போது வட்டு நிரம்பியிருந்தால், அந்தத் தோல்வி யாருக்கும் தெரியாது. முடிவு எண் பூச்சியமாகவே இருக்கும். குனூ கோர்யூட்டில்ஸ் கருவிகள் இதற்காகவே மூடும் செயற்கூறு ஒன்றை அட்எக்ஸிட்டில் பதிவு செய்கின்றன. மூடுவது தோற்றால் செய்தி எழுதிவிட்டு, தோல்வி எண்ணோடு அடிக்கோட்டு எக்ஸிட் அழைப்பார்கள். மேலே தவிர்க்கச் சொன்ன அதே அழைப்புதான். முடிவு எண்ணை மாற்ற வேறு வழியில்லை, முதலில் பதிவானதால் இதுவே கடைசியாக இயங்குகிறது, தவறவிடப்படும் செயற்கூறு எதுவும் மிச்சமில்லை.

முடிவு எண்ணைப் பற்றி ஒரு சொல்: எக்ஸிட்டுக்குக் கொடுக்கும் எண்ணின் கீழ் எட்டு பிட்டுகள் மட்டுமே ‘வெயிட்’ மூலம் தாய்ப் பிராசஸுக்குக் கிடைக்கும். பிழைகளின் எண்ணிக்கையையே முடிவு எண்ணாகக் கொடுக்கும் நிரல், 256 பிழைகளோடு வெற்றி என்று அறிவிக்கும்.

7. ஃபோர்க் செய்யும் இடங்களைக் காப்பாற்றுங்கள்

எடிட்டரைத் திறக்க ஃபோர்க் செய்து, சேய்ப் பிராசஸில் எக்ஸெக் அழைக்கிறோம். பதிவுகளின் நகல் சேய்க்கும் போகிறது. எக்ஸெக் வெற்றி பெற்றால் அவை மறைந்துவிடும், கவலையில்லை. எடிட்டரின் பெயரைப் பயனர் தவறாகக் கொடுத்திருந்து எக்ஸெக் தோற்றால், அடுத்த வரியில் பழக்கதோஷத்தில் எழுதிய எக்ஸிட் சேய்க்குள் இயங்கும்; அது தாய் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பகத்தைத் துடைத்துவிடும். தாய், எடிட்டர் சரியாகத் திறக்கவில்லை என்று அறிந்து வேறு எடிட்டரை முயலும்போது கோப்பு இருக்காது.

பஃபரும் நகலாகிறது. ஃபோர்க்குக்கு முன் பிரின்ட்எஃப் எழுதியது வெளியேறாமல் இருந்தால், சேய் எக்ஸிட் ஆகும்போது ஒருமுறையும் தாய் எக்ஸிட் ஆகும்போது ஒருமுறையுமாக அது இருமுறை வரும். டெர்மினலில் வரிக்கு வரி வெளியேறுவதால் இது தெரியாது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் மட்டும் தெரியும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஃபோர்க்குக்கு முன் ‘எஃப்ஃப்ளஷ்’ அழையுங்கள், சேய்ப் பாதையில் எக்ஸெக் தோற்ற இடத்தில் அடிக்கோட்டு எக்ஸிட் மட்டும் பயன்படுத்துங்கள். ஷெல்லின் வழக்கப்படி கட்டளை கிடைக்கவில்லை என்றால் 127 என்று கொடுக்கலாம்.

வேறொருவர் எழுதிய நூலகம் உங்களுக்குத் தெரியாமல் ஃபோர்க் செய்யக்கூடும் என்றால் இரண்டாவது காவலும் வேண்டும். பொருளைப் பெற்ற பிராசஸின் எண்ணை ‘கெட்பிட்’ மூலம் வாங்கி ஸ்டாட்டிக் மாறியில் வைத்து, துப்புரவுச் செயற்கூறின் தொடக்கத்தில் இப்போதைய எண்ணோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் எதையும் தொடாமல் திரும்புங்கள். பின்னணியில் ஓடும் டீமன் நிரல்களில் மட்டும் கவனம்: அங்கே ஃபோர்க் செய்த பிறகு முடிந்துபோவது தாய், தொடர்வது சேய். எண்ணை டீமன் ஆன பிறகே வாங்க வேண்டும். முடியும் தாய்தான் அங்கே அடிக்கோட்டு எக்ஸிட் பயன்படுத்த வேண்டும்.

8. சிக்னல்களை எக்ஸிட் பாதைக்குக் கொண்டுவாருங்கள்

சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல்) வந்ததும், அதற்காக நிறுவிய செயற்கூறான கையாளிக்குள்ளேயே எக்ஸிட் அழைத்துவிடலாம் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. பெரும்பாலும் அது வேலை செய்வதுபோலத் தோன்றுவதுதான் தொல்லை. பிரின்ட்எஃப் ஒரு பஃபரை மாற்றிக்கொண்டிருக்கும் நடுவில் சிக்னல் வந்தால், கையாளிக்குள் நடக்கும் எக்ஸிட் பாதி மாறிய அதே பஃபரை வெளியேற்ற முயன்று, வெளியீடு சிதையவோ நிரல் முறியவோ செய்யலாம். எக்ஸிட், சிக்னல் கையாளிக்குள் அழைக்கத்தக்கது அல்ல. அடிக்கோட்டு எக்ஸிட் அழைக்கத்தக்கது, ஆனால் அது துடைக்காது.

சரியான முறையில் கையாளி ஒரே ஒரு வேலையைச் செய்யும்: ‘வொலடைல் சிக் அடாமிக் டி’ வகை மாறியில் வந்த சிக்னலின் எண்ணை எழுதும். முதன்மைச் சுழல் அந்த மாறியைப் பார்த்து, பூச்சியமல்ல என்றால் எக்ஸிட் பாதைக்குப் போகும். எம்கேடிடெம்ப்புக்கும் கொடி வைப்பதற்கும் இடையே சிக்னல் வந்தாலும் இதனால் குழப்பமில்லை.

கையாளியை ‘சிக்ஆக்ஷன்’ மூலம் நிறுவுங்கள். மீண்டும் தொடங்கச் சொல்லும் கொடியைச் சேர்க்காதீர்கள். அப்போது கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும் ‘ரீட்’ அழைப்பு, சிக்னல் குறுக்கிட்டது என்று சொல்லும் ஈஇன்டர் பிழையோடு உடனே திரும்பி, மாறியைப் பார்க்க வாய்ப்பளிக்கும். ஜிலிப்சியில் பழைய ‘சிக்னல்’ செயற்கூறைப் பயன்படுத்தினால் ரீட் தானாக மீண்டும் தொடங்கும்; பயனர் கன்ட்ரோல்-சி அழுத்திக்கொண்டே இருப்பார், எதுவும் நடக்காது. மாறியைப் பார்த்த கணத்துக்கும் ரீட் தொடங்கும் கணத்துக்கும் இடையே சிக்னல் வந்தால் அதுவும் தவறிப்போகும். மாதக்கணக்கில் ஓட வேண்டிய நிரலாக இருந்தால், சிக்னலைத் தடுத்து வைத்து ‘பிபோல்’ அழைப்புக்குள் மட்டும் திறந்துவிடும் முறை தேவை. மனிதர் முன்னால் அமர்ந்திருக்கும் சிறு கருவிக்கு, இரண்டாம் முறை அழுத்துவார் என்று விட்டுவிடலாம் என்பேன்.

இம்முறையில் சிக்இன்ட், சிக்டெர்ம், சிக்ஹப் (சாளரத்தை மூடும்போது வருவது) ஆகிய மூன்றையும் பிடியுங்கள். சிக்பைப்பைப் புறக்கணிக்கச் செய்துவிட்டு, எழுதும் அழைப்பு ஈபைப் பிழை தருவதைக் கவனித்து இயல்பான பாதையில் முடியுங்கள். எடிட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் தாய்ப் பிராசஸ் சிக்இன்ட்டைப் புறக்கணிக்க வேண்டும். அந்த நேரத்துக் கன்ட்ரோல்-சி எடிட்டருக்கானது. புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் தொடரும் என்பதால், சிக்இன்ட்டையும் சிக்பைப்பையும் சேய் எக்ஸெக்குக்கு முன் இயல்நிலைக்குத் திருப்ப வேண்டும்.

முடிவு எண்ணாக 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிக் கொடுப்பது வழக்கம், சிக்டெர்முக்கு 143. ஆனால் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றின் சுழலுக்குள் உங்கள் கருவி ஓடினால், அது உண்மையிலேயே சிக்இன்ட்டால் இறந்ததா என்று பாஷ் பார்க்கும். எக்ஸிட் மூலம் முடிந்திருந்தால் சுழல் தொடரும். அங்கே துப்புரவுச் செயற்கூறுகளை நீங்களே அழைத்து, எஃப்ஃப்ளஷ் செய்து, சிக்னலை இயல்நிலைக்குத் திருப்பி, அதைத் தனக்குத்தானே ‘ரெய்ஸ்’ செய்துகொள்ள வேண்டும்.

சிக்செக்வ் போன்ற நினைவகப் பிழைச் சிக்னல்களுக்கு இதில் எதையும் செய்யாதீர்கள். கோப்பகத்தின் பெயர் இருக்கும் அணியே கெட்டிருக்கலாம். கெட்ட பெயரை வைத்துக்கொண்டு கோப்புகளை அழிக்கப் புறப்படுவதைவிட, முறிந்து விழுவது மேல்.

9. த்ரெட்டுகளும் பகிர்வு நூலகங்களும்

ஒரு த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) எக்ஸிட் அழைத்த பிறகும், துப்புரவு முடியும் வரை மற்ற த்ரெட்டுகள் ஓடிக்கொண்டேயிருக்கும். நீங்கள் மூடிய கோப்பில் அவை எழுதக்கூடும். எக்ஸிட் அழைக்கும் முன் அவற்றை நிறுத்தச் சொல்லி, ‘பித்ரெட் ஜாயின்’ மூலம் காத்திருங்கள். அதைத் துப்புரவுச் செயற்கூறுக்குள் செய்ய வேண்டாம். எக்ஸிட் அழைத்ததே அந்த த்ரெட்டுகளில் ஒன்றாக இருக்கலாம்.

இயக்கத்தின்போது ஏற்றி இறக்கப்படும் நூலகத்துக்குள்ளிருந்து பதிவு செய்தால், ஜிலிப்சி அந்தச் செயற்கூறை நூலகம் இறக்கப்படும்போதே இயக்கிவிடும். இதைத் தரநிலை உறுதி செய்யவில்லை. நூலகம் எழுதுபவர்கள் மூடும் செயற்கூறு ஒன்றை வெளிப்படையாகக் கொடுத்து, எப்போது அழைப்பது என்பதைப் பயன்படுத்துபவரிடம் விடுவதே முறை.

10. ஒவ்வொரு பாதையையும் ஓட்டிப் பாருங்கள்

மூன்றாம் பகுதியில் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி சோதியுங்கள். இயல்பான முடிவு, தவறான கடவுச்சொல், இல்லாத எடிட்டர், கடவுச்சொல் கேட்கும்போது கன்ட்ரோல்-சி, வேறொரு டெர்மினலிலிருந்து ‘கில்’ கட்டளை, எடிட்டர் திறந்திருக்கையில் சாளரத்தை மூடுவது, வெளியீட்டை ஹெட் கட்டளைக்கு அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்றைப் பாருங்கள்: தற்காலிகக் கோப்பகம் போய்விட்டதா, தட்டச்சு செய்வது திரையில் தெரிகிறதா, ஷெல் காட்டும் முடிவு எண் சரியா. எதிரொலி திரும்பவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ‘எஸ்டிடிஒய் சேன்’ என்ற கட்டளையை அடித்து என்டர் அழுத்துங்கள்.

வட்டு நிரம்பிய நிலையைச் சோதிக்க, லினக்ஸில் டெவ் கோப்பகத்தின் கீழுள்ள ‘ஃபுல்’ என்ற கருவிக் கோப்புக்கு வெளியீட்டைத் திருப்புங்கள். அதில் எழுதுவது எப்போதும் இடமில்லை என்றே தோற்கும். முடிவு எண் பூச்சியமாக வந்தால் ஆறாம் பகுதியின் மூடும் செயற்கூறு வேலை செய்யவில்லை. எந்த அழைப்பு எந்த வரிசையில் நடந்தது என்று தெரியவில்லை என்றால், ‘எஸ்ட்ரேஸ்’ கருவியைச் சேய்களையும் பின்தொடரச் சொல்லி ஓட்டினால், எந்தப் பிராசஸ் எந்தக் கோப்பை அன்லிங்க் செய்தது என்று வரிவரியாகக் காட்டிவிடும்.

கடைசியாக ‘கில்’ கட்டளையில் 9 என்ற எண்ணைக் கொடுத்துக் கொல்லுங்கள். சிக்கில் சிக்னலைப் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது. கோப்பகம் மிஞ்சும், டெர்மினலும் கெட்டே இருக்கும். மின்சாரம் போனாலும் வட்டிலுள்ள கோப்பகத்துக்கு இதே கதிதான். இதற்கான ஏற்பாடு முடிவில் அல்ல, அடுத்த தொடக்கத்தில் இருக்க வேண்டும்: கோப்பகத்தின் பெயரில் கருவியின் பெயரைச் சேர்த்து வையுங்கள், உள்ளே ஒரு கோப்பை எஃப்லாக் செய்து, தாய்ப் பிராசஸ் முடியும் வரை பிடித்திருங்கள். எடிட்டருக்கு அந்தப் பூட்டு போகாதபடி, எக்ஸெக்கின்போது மூடும் கொடியோடு அதைத் திறக்க வேண்டும். கருவி புதிதாகத் தொடங்கும்போது, அதே பயனருக்குச் சொந்தமான பழைய கோப்பகங்களைத் தேடி, பூட்டைப் பெற முடிகிறவற்றை மட்டும் துடைக்கட்டும். பூட்டு கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடக்கூடாது.